கட்டைவிரலின் பழக்கம்

எங்கள் சுடுதள கிளப்பில் இரண்டு கட்சிகள். இரும்பு, பிளாஸ்டிக்.

இரும்புக்காரர்களின் இடுப்பில் இருப்பது நைன்டீன் லெவன் என்ற கைத்துப்பாக்கி. நூறு வருஷத்துக்கு முந்தைய வடிவம். முழுக்க எஃகு. பிளாஸ்டிக்காரர்களின் துப்பாக்கியில் பிடி மட்டும்தான் பிளாஸ்டிக், மற்றதெல்லாம் உலோகம். இருந்தாலும் இரும்புக்காரர்கள் அதைத் தண்ணீர்த் துப்பாக்கி என்பார்கள். பதிலுக்குப் பிளாஸ்டிக்காரர்கள் நைன்டீன் லெவனை மியூசியம் என்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒவ்வொரு சனிக்கிழமையும் இதையே சொல்லிக்கொள்கிறார்கள். யாருக்கும் அலுக்கவில்லை.

எச்சாவே மட்டும் ரிவால்வர் வைத்திருப்பவர். ஆடு மேய்க்க வந்து குடியேறிய பாஸ்க் இனத்துக் குடும்பத்துக்காரர், இப்போதும் ஆடு வளர்க்கிறார். ஒரே ஆளை வைத்துக்கொண்டு கட்சி நடத்த முடியாது என்பதால் அவரை நடுவராக்கிவிட்டார்கள்.

இரும்புக் கட்சியின் தலைவர் என் அப்பா ஆரின். பிளாஸ்டிக் கட்சியின் தலைவர் மார்லிஸ். எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர். நானும் அவர் பேருந்தில்தான் பள்ளிக்குப் போனேன். கண்ணாடியில் ஒரு முறை பார்ப்பார், பேருந்து முழுக்க அடங்கிவிடும்.

நான் பால் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பண்ணைகளிலிருந்து வரும் பாலில் கிருமிகளை எண்ணுவேன். சனிக்கிழமைகளில் கிளப்பில் டைமர் பிடிப்பேன். சுடுபவரின் தோளுக்குப் பின்னால் நின்று "தயாரா?" என்று கேட்டுப் பொத்தானை அமுக்க வேண்டும். பீப் ஒலித்ததும் அவர் துப்பாக்கியை எடுத்துச் சுடுவார். முடிந்ததும் எத்தனை இலக்குத் தகடு விழுந்தது என்று நான் சொல்ல வேண்டும். வாரம் முழுவதிலும் நான் உரக்கப் பேசுவது அவ்வளவுதான்.

அந்த அக்டோபரில் எனக்கு ஒரு கவலை இருந்தது. மின்னசோட்டாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. பாலாடைக்கட்டியில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆராய்ச்சி. கல்லூரி நாட்களிலிருந்து நான் ஆசைப்பட்ட வேலை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். 'வருந்துகிறேன், இப்போது வர இயலாது' என்று தட்டெழுதி, அனுப்பாமல் கைப்பேசியில் வைத்திருந்தேன்.

காரணம் அப்பாதான். அம்மா ரீனோவுக்குப் போய் ஒரு பல் மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டு பல வருஷமாகிவிட்டது. அந்த மருத்துவர் துப்பாக்கியையே தொடாத மனிதர். "பிளாஸ்டிக்காரனா இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்று அப்பா ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் நானும் அவரும்தான். நான் சமைக்காத நாளில் டப்பா சூப்பைச் சூடாக்கி, சட்டியிலிருந்தே நின்றபடி குடிப்பார். நான் போய்விட்டால் தினமும் அப்படித்தான் என்று நினைத்தாலே எனக்கு என்னவோ செய்தது. மின்னசோட்டாவைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் போ என்பார். சொல்லிவிட்டு நின்றபடி சூப் குடிப்பார்.

புதன்கிழமைகளில் மட்டும் அவர் வீட்டுக்கு வரத் தாமதமாகும். பள்ளிக் கட்டடங்களைப் பராமரிப்பது அவர் வேலை. குளிருக்குச் சூடேற்றும் பாய்லர் மக்கர் செய்கிறது என்பார். ஜூலையிலும் மக்கர் செய்தது. ஜூலையில் பாய்லர் எதற்கு என்று அறிவியல் படித்த எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு நாள் துணி துவைக்கும் இயந்திரத்தில் ஒரு வெற்றுத் தோட்டாக் கூடு கிடந்தது. ஒன்பது மில்லிமீட்டர், பிளாஸ்டிக்காரர்கள் சுடுவது. அப்பாவுடையது நாற்பத்தைந்து காலிபர், அதைவிடத் தடிமன். தளத்தைக் கூட்டும்போது சட்டைப்பையில் விழுந்திருக்கும் என்று குப்பையில் போட்டேன்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை பெரிய போட்டி. தோற்ற கட்சி எல்லோருக்கும் சமைக்க வேண்டும். ஜெயித்த கட்சியின் பலகை அடுத்த அக்டோபர் வரை சமையல் கொட்டகை வாசலுக்கு மேலே தொங்கும். சமமாக வந்தால் இன்னொரு விதி உண்டு. தலைவர்கள் இருவரும் துப்பாக்கியை மாற்றிக்கொண்டு சுட வேண்டும்.

அது பந்தயத்துக்காக வந்த விதி இல்லை, சிரிப்பதற்காக வந்தது. பிளாஸ்டிக்கின் பிடி சாய்வு வேறு. இரும்புக்குப் பழகிய கை அதைத் தூக்கினால் குழாய் மேலே பார்க்கும், குண்டு மலைக்குப் போகும். இரும்பிலோ பக்கவாட்டில் சேஃப்டி என்று ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. துப்பாக்கியை எடுக்கும்போதே கட்டைவிரலால் அதைக் கீழே தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் விசை அசையாது. பிளாஸ்டிக்கில் அப்படி ஒன்று கிடையாது. எடுக்கலாம், சுடலாம்.

போன முறை சமமாக வந்தபோது அப்பா மொத்தத் தோட்டாக்களையும் மலைக்கு அனுப்பினார். மார்லிஸ் சேஃப்டியை மறந்து விசையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பேருந்தில் சேட்டை செய்த பையனைப் பார்ப்பதுபோலத் துப்பாக்கியை முறைத்தார். அப்பாவின் சிநேகிதர் க்ளைட் சிரித்த சிரிப்பில் நாற்காலியோடு சாய்ந்தார்.

இந்த வருஷம் வெயில் நன்றாக இருந்தது. மலைச்சரிவில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக நின்றன. மார்லிஸ் வண்டியிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தார்.

"என்ன ஆரின், பீரங்கிக்குச் சக்கரம் மாட்டி இழுத்துட்டு வந்தியா?"

"உன் பொம்மைக்குப் பேட்டரி போட்டியா மார்லிஸ்? பாதியில நின்னுடப் போகுது."

வழக்கமாக இது வெகுநேரம் போகும். அன்று அதோடு நின்றுவிட்டது. இருவரும் மலையைப் பார்த்தார்கள். மலையில் ஒன்றும் இல்லை.

"என்னய்யா, ரெண்டு பேருக்கும் தொண்டை சரியில்லையா?" என்றார் எச்சாவே.

போட்டி தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஆறு தகடுகள். டைமர் மறுபடி ஒலிப்பதற்குள் எத்தனை விழுகிறதோ அத்தனை புள்ளி. க்ளைட் ஆறையும் வீழ்த்திவிட்டு, சுற்றிலும் திரும்பிக் கும்பிடு போட்டார். பிளாஸ்டிக் கட்சியின் வேட், குழாய் ரிப்பேர் செய்பவன், அவனும் ஆறு வீழ்த்தினான். "தண்ணீர்த் துப்பாக்கிண்ணே, பாத்து, நனைஞ்சிடப் போறீங்க" என்று க்ளைட்டிடம் சொன்னான். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். கடைசியில் தலைவர்கள் மட்டும் பாக்கி. அதுவரை இரு கட்சியும் சமம்.

அப்பா கோட்டுக்கு வந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"தயாரா?"

தலையசைத்தார். பொத்தானை அமுக்கினேன்.

துப்பாக்கி உறையிலிருந்து வழக்கம்போல வேகமாக வந்தது. நேராக நின்றது. வெடிக்கவில்லை. அப்பாவின் விரல் விசையை இழுத்தது. மறுபடி இழுத்தது. கட்டைவிரல் தன் இடத்தில் சும்மா படுத்திருந்தது. பிறகு திடீரென்று விழித்துக்கொண்டு நெம்புகோலைத் தள்ளியது. அவர் அவசரமாகச் சுட்டார். நேரம் முடிந்தபோது இரண்டு தகடுகள் நின்றுகொண்டிருந்தன.

"நாலு" என்றேன்.

"என்னாச்சு ஆரின்?" என்று கத்தினார் க்ளைட்.

அப்பா திரும்பவில்லை. "சிக்கிடுச்சு. தூசி."

பிளாஸ்டிக்காரர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. நைன்டீன் லெவன் சிக்காது என்று என் காதில் பால்குடிப் பருவத்திலிருந்தே ஓதியவர் அவர். அதை எண்ணெய் போட்டுத் துடைக்கும் வரை இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார்.

"சிக்கிடுச்சா?" என்றார் க்ளைட், மெதுவாக. "உன் வாயாலயா சொல்ற?"

நான் டைமரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேஃப்டியை மறந்ததை ஒப்புக்கொள்வதைவிடத் தன் துப்பாக்கிமீது பழி போடலாம் என்று அப்பா முடிவு செய்திருக்கிறார். ஏன்? இரும்புக்காரன் சேஃப்டியை மறப்பது எப்போது? கட்டைவிரல் வேறெதற்கோ பழகியிருந்தால்தான்.

மார்லிஸ் வந்தார். ஐந்து வீழ்த்தினால் போதும், பலகை அவர்களுடையது. அவர் ஐந்துக்குக் கீழே சுட்டு நான் பார்த்ததில்லை.

"தயாரா?"

"ம்."

பீப். துப்பாக்கி மேலே வந்தது. அப்போது அவருடைய கட்டைவிரல் பக்கவாட்டில் கீழ்நோக்கி ஒரு இழுப்பு இழுத்தது. அங்கே ஒன்றுமே இல்லை. வழவழப்பான பிளாஸ்டிக்தான். விரல் காற்றில் வழுக்கியது, பிடி நழுவியது, முதல் குண்டு மண்ணில் போனது. மார்லிஸ் "அட கடவுளே" என்று முணுமுணுத்தார். அதற்குப் பிறகு அவசரம். அவரும் இரண்டை விட்டுவிட்டார்.

"நாலு" என்றேன்.

இல்லாத நெம்புகோலைத் தள்ளிய ஒரு விரல். இருந்த நெம்புகோலை மறந்த இன்னொரு விரல். ஜூலை மாதத்துப் பாய்லர். துவைக்கும் இயந்திரத்தில் கிடந்த ஒன்பது மில்லிமீட்டர். ஆய்வகத்தில் இவ்வளவு சான்று கையில் இருந்தால் நான் கோப்பை மூடிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"சமம்!" என்று வேட் துள்ளினான். "மாத்திச் சுடணும்! மாத்திச் சுடணும்!" எல்லோரும் நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டார்கள். க்ளைட் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார் அப்பா.

"ஆமா, எதுக்கு?" என்றார் மார்லிஸ். "ரெண்டு கட்சியும் சேர்ந்தே சமைச்சிடலாமே."

"நல்ல யோசனை" என்றார் அப்பா.

மார்லிஸ் சொன்ன எதையும் நல்ல யோசனை என்று அப்பா சொன்னதை அந்தத் தளம் கேட்டதில்லை. எச்சாவே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "தலைவர்கள் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா நான் என்ன சொல்ல? சரி, விட்டுடலாம்" என்றார்.

விட்டுவிடுவார்கள் போலிருந்தது. விட்டுவிட்டால் திங்கட்கிழமை வரும், எனக்கு ஒன்றும் உறுதியாகத் தெரியாது, அந்த 'வருந்துகிறேன்' போய்ச் சேர்ந்துவிடும். டைமரைக் கீழே இறக்கினேன்.

"விடக் கூடாது" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். சிலர் யார் பேசியது என்று தேடினார்கள்.

"சமம்னா மாத்திச் சுடணும். அதான் விதி." என் கன்னம் சுட்டது. "துப்பாக்கிய ரெண்டு பேரும் மேஜைல வைங்க. மேகசின் வெளியே. ஸ்லைடு திறந்து, தோட்டா இல்லாம."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. பொதுவாக நான்தான் முதலில் எடுப்பேன்.

"லின்னியா சொல்லிட்டா" என்றார் எச்சாவே. "வைங்கப்பா."

முதலில் அப்பா. மேகசினைப் போட்டு மார்லிஸின் துப்பாக்கியைக் கைக்குள் எடுத்தபோது அவர் பிடியைச் சரிசெய்துகொள்ளவே இல்லை. கை அதைச் சுற்றித் தானாக மூடிக்கொண்டது. அதையும் அருகில் நின்ற நான்தான் பார்த்தேன்.

பீப்.

முதல் குண்டு தகடுகளுக்கு மேலே வெகு தூரம் போனது. ரொம்பவே தூரம். வேண்டுமென்றே என்று எனக்குப் புரிந்தது. கூட்டம் ஆரவாரித்தது.

"தண்ணீர்த் துப்பாக்கி தண்ணி விட்டுடுச்சுடா!" என்று க்ளைட் தொடையில் தட்டினார். "அந்தச் சனியன தூக்கிக் குப்பைல போடு ஆரின்! அது துப்பாக்கியா? குளியலறை சாமான்!"

அப்பாவின் காதுகள் சிவந்தன. அது மார்லிஸின் துப்பாக்கி. மார்லிஸ் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

அடுத்த ஆறு குண்டுகளும் ஒரே மூச்சில் போயின. டங், டங், டங், டங், டங், டங். தகடுகள் வரிசையாகப் படுத்தன. கடைசித் தகடு விழுந்த சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

"ஆறு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. க்ளைட்டின் கை தொடைக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

மார்லிஸ் அப்பாவைப் பார்த்தார். பேருந்துக் கண்ணாடியில் பார்க்கும் பார்வை இல்லை அது. "சரி, இதுக்கு மேல என்ன" என்று சொல்லிக் கோட்டுக்கு வந்தார். தோட்டா நிரப்பிய நைன்டீன் லெவன் மேஜையிலிருந்து எழும்போதே நெம்புகோல் கீழே போயிருந்தது. ஆறு குண்டு, ஆறு தகடு. முடிந்ததும் சேஃப்டியைக் கட்டைவிரலால் மேலே தட்டி மூடினார். அந்தத் தட்டு அப்படியே அப்பாவுடையது.

"ஆறு" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

எச்சாவேதான் முதலில் வாயைத் திறந்தார். "எத்தன நாளா?"

"என்ன எத்தன நாளா?" என்றார் அப்பா.

"யோவ்."

அப்பா பூட்ஸைப் பார்த்தார். "பனி உருகினதிலேர்ந்து. புதன்கிழமைல. மார்லிஸ் வீட்டுக்குப் பின்னால மண்மேடு இருக்கு..."

"அப்போ பாய்லர்?" என்றேன்.

"பாய்லர் நல்லாத்தான் இருக்கு கண்ணு."

பிறகுதான் கூட்டம் வெடித்தது. யாரோ தொப்பியை மேலே வீசினார்கள். வேட் மார்லிஸைத் தூக்கப் பார்த்து முடியாமல் இறக்கினான். க்ளைட் மட்டும் சிரிக்காமல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"நீ காதல் பண்ணு, கல்யாணம் பண்ணு, அத யாருய்யா கேட்டா? பனி உருகினதிலேர்ந்து நீ பிளாஸ்டிக் சுட்டியா இல்லையா?"

"சுட்டேன்."

"வாரா வாரமா?"

"வாரா வாரம்."

க்ளைட் கண்ணை மூடித் திறந்தார். "எப்படி இருந்துச்சு?"

எல்லோரும் அடங்கினார்கள். இதுதான் உண்மையான கேள்வி என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பா மார்லிஸின் துப்பாக்கியை ஒரு முறை பார்த்தார்.

"லேசா இருந்துச்சு" என்றார்.

பிளாஸ்டிக் கட்சி முழுவதும் கூரை பறக்கக் கத்தியது.

"ரொம்பக் குதிக்காதீங்கடா" என்றார் மார்லிஸ். "அவரோடது கையில அப்படியே உக்காருது. நான் என்ன பண்ண? உள்ளத உள்ளபடி சொல்லணும்ல." இப்போது இரும்புக் கட்சி கத்தியது.

"அப்போ நீ மாறிட்டியா?" என்று க்ளைட் அப்பாவின் சட்டையைப் பிடித்தார்.

"மாறுறதா? என்னோடது நைன்டீன் லெவன்தான். செத்தாலும் அதான்."

"என்னோடது என்னோடதுதான்" என்றார் மார்லிஸ். "புதன்கிழமை மட்டும் விருந்தாளி."

க்ளைட்டின் முகம் தெளிந்தது. ஆனால் சட்டையை விடவில்லை. "அப்போ மன்னிப்புக் கேளு."

"உங்கிட்டயா?"

"எங்கிட்ட எதுக்கு? அதுகிட்ட கேளு. ஊர் முன்னால சிக்கிடுச்சுன்னு சொன்னல்ல."

அப்பா நைன்டீன் லெவனை மேஜையிலிருந்து எடுத்தார். காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டார். "நீ சிக்கல. என்னைக்கும் சிக்கினதில்ல. சேஃப்டிய நான்தான் மறந்தேன்." பிறகு அதை உறையில் வைத்தார். இரண்டு கட்சியும் கைதட்டின. எச்சாவே தன் ரிவால்வரைத் தட்டி, "இவங்களப் பாத்து நீ கெட்டுடாத" என்றார்.

இரண்டு கட்சியும் சேர்ந்து சமைத்தோம். கொட்டகையில் மான்கறி சில்லிக் குழம்பு கொதித்தது. நானும் அப்பாவும் ஒரு மூலையில் உருளைக்கிழங்கு தோல் சீவினோம்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் லின்னி" என்றார், கிழங்கைப் பார்த்தபடி. "நான் புதன்கிழமை போனாலே நீ தனியாச் சாப்பிடணும். மத்த நாளும் போக ஆரம்பிச்சா உனக்கு யாரு இருக்கான்னு... வீட்ல நீ ஒண்டியா உக்காந்து..."

கத்தி என் கையில் நின்றுவிட்டது. "அப்பா, மார்லிஸ் வீட்ல நீங்க உக்காந்து சாப்பிடுறீங்களா? இல்ல நின்னுக்கிட்டா?"

"இதென்ன கேள்வி? நின்னா அவ விடுவாளா? தட்டு, துணி, எல்லாம் வச்சு..."

அவர் முடிப்பதற்குள் நான் மின்னசோட்டாவைச் சொல்லிவிட்டேன். பாலாடைக்கட்டி, பாக்டீரியா, திங்கட்கிழமை, எல்லாம் ஒரே வாக்கியத்தில். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

அப்பா கிழங்கைக் கீழே வைத்தார். "மார்லிஸ்!" என்று கத்தினார். "இங்க வா! இந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு கேளு!"

மார்லிஸ் கரண்டியோடு வந்தார். கேட்டார். என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "போன எங்க?" என்றார். அந்தக் குரலுக்கு எட்டு வயதிலிருந்தே கீழ்ப்படிந்து பழக்கம். எடுத்தேன். அந்த 'வருந்துகிறேன்'ஐ அழித்தேன். 'மகிழ்ச்சியுடன் வருகிறேன்' என்று எழுதினேன். விரலில் கிழங்கு மாவு, திரையெல்லாம் பிசுபிசுத்தது. எழுதி முடித்து, அனுப்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மார்லிஸ் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தயாரா?" என்றார்.

தலையசைத்தேன்.

"பீப்" என்றார் அப்பா.

கட்டைவிரலால் அமுக்கினேன்.